எந்தப் பக்கம்?

"நீங்க எந்தப் பக்கம் சார்?"

தமிழ்நாட்டில் இது திசையைப் பற்றிய கேள்வி அல்ல. கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். ஊர்ப் பெயரைச் சொன்னால் "அங்க எங்க?" என்று வரும். தெருவைச் சொன்னால் ஊரா காலனியா என்பது தெரிந்துவிடும். அதைச் சொல்லாமல் தப்பித்தால் "அப்பா இன்னா பண்றாரு?" அதிலும் தப்பித்தால் "கொலதெய்வம் எது?" அதிலும் தப்பித்தால் "வூட்ல கறி சமைப்பீங்களா?" சல்லடைக் கண் சிறுத்துக்கொண்டே போகும். நேரடியாகச் சாதி கேட்பது அநாகரிகம் என்று நினைக்கிற அளவுக்குப் படித்தவர்கள் வந்துவிட்டார்கள். கேட்காமலே இருப்பது என்கிற இடத்துக்கு இன்னும் வரவில்லை.

இந்தக் கேள்வி இப்போது கடல் தாண்டி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் போய்விட்டது. அங்கே வேலை பார்க்கிற ஒரு தலித் பேராசிரியர் இதற்கு உண்மையான பதிலைச் சொல்லக் கடமைப்பட்டவரா? சொல்லாமல் இருந்தால் அது பொய்யா? நான் இதை யோசிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் மாணவர் ஒருவர். தண்டராம்பட்டு வட்டத்தில் ஒரு காலனியில் பிறந்து, ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி, திருவண்ணாமலையில் என்னிடம் மூன்று வருஷம் படித்தவர். பிறகு சென்னை, டெல்லி, அங்கிருந்து அமெரிக்கா. முனைவர் பட்டம் முடித்து அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருக்கிறார். பெயரைப் போடவில்லை. ஏன் போடவில்லை என்பது படித்துக்கொண்டே போனால் விளங்கும்.

அவர் போனில் கேட்டது இதுதான்: "சார், சொல்லாம இருக்கறது பொய் சொல்றதா?"

அவருக்குப் பதில் சொல்லும் முன் நம்ம ஊரைப் பார்த்துவிடலாம். நான் கடலூர் பக்கத்துக் கிராமம். 1994-ல் வேலை கிடைத்துத் திருவண்ணாமலைக்கு வந்தேன். கல்லூரி ஆசிரியர் என்றதும் புரோக்கருக்கு வாயெல்லாம் பல். அரசாங்கச் சம்பளம், மாசம் பொறந்தா வாடகை. முதல் வீட்டில் வீட்டுக்காரம்மா காபி கொடுத்தார். "எந்தப் பக்கம்?" என்றார். "கடலூர் பக்கம்" என்றேன். பக்கம் கேட்டார், பக்கம் சொன்னேன். மறுநாள் புரோக்கர் வந்து, "சார், தப்பா நெனைச்சுக்காதீங்க, வூட்ட அவங்க சொந்தக்காரங்களுக்கே உட்றாங்களாம்" என்றார். இரண்டாவது வீடும் சொந்தக்காரருக்குப் போனது. மூன்றாவதும் போனது. இந்த ஊரில் இத்தனை பேருக்கு இத்தனை சொந்தக்காரர்கள் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். கடைசியில் வீடு கொடுத்தவர் ஒரு பாய். அவர் கேட்ட ஒரே கேள்வி, அட்வான்ஸ் முழுசாகத் தருவீர்களா, இரண்டு தவணையாகத் தருவீர்களா என்பது.

இதே ஊரில் செங்கம் ரோடு பக்கம் போனால் வேறு உலகம். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை வெள்ளைக்காரர்கள் குடியிருப்பார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், இஸ்ரேல், ரஷ்யா. வீடு கொடுக்கப் போட்டி. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், யாரோடு தங்கியிருக்கிறார்கள், அவர்கள் நாட்டில் அப்பா என்ன தொழில் செய்தார் என்று யாரும் சல்லடை பிடிப்பதில்லை. இது நேற்று வந்த பழக்கமும் அல்ல. ஆர்தர் ஆஸ்பர்ன் என்று ஓர் ஆங்கிலேயர். பாங்காக்கில் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியரின் தடுப்பு முகாமில் அடைபட்டார். அவர் மனைவியும் குழந்தைகளும் அதற்கு முன்பே திருவண்ணாமலைக்கு வந்து குடியிருந்தார்கள். போர் முடிந்ததும் 1945-ல் அவரும் வந்து சேர்ந்தார். ரமணரைப் பற்றிப் புத்தகம் எழுதினார், 1964-ல் 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கினார். கடல் கடந்து வந்த ஒரு பேராசிரியரை இந்த ஊர் அப்படி ஏற்றுக்கொண்டது. அதில் எனக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. அகதிக் குடும்பத்துக்கு ஓர் ஊர் இடம் கொடுத்தது நல்ல காரியம்தான். ஆனால் நாலு தலைமுறையாக இந்த மலையைப் பார்த்துக் கூலி வேலை செய்தவனுக்கு அதே ஊர் அதே வீட்டைக் கொடுக்காது.

ஆக, அந்நியர் இரண்டு வகை. தூரத்திலிருந்து வந்தவர் ஒரு வகை, தூரத்தில் வைக்கப்பட்டவர் இன்னொரு வகை. புலம்பெயர்ந்த பேராசிரியர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வகையை மட்டும்தான் பேசுகிறார்கள். என் மாணவர் இரண்டுமாக இருக்கிறார். சிக்கல் அங்கேதான்.

முதல் வகைத் தொல்லைகள் அவருக்குக் குறைவில்லை. விசாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எச்-1பி விசா பொதுவாக ஆறு வருஷம். கிரீன் கார்டுக்கு விண்ணப்பம் ஒரு கட்டம் தாண்டியிருந்தால் நீட்டிப்பார்கள். இந்தியாவில் பிறந்தவர்கள் நிற்கிற கிரீன் கார்டு வரிசையோ பத்து வருஷக் கணக்கில் நீள்வது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தபோது அவர் இரண்டு நாள் தூங்கவில்லை. ஏற்கெனவே விசா வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது என்று தெரிந்த பிறகும் தூக்கம் வரவில்லை. வகுப்பறையில் உச்சரிப்பு. பருவ முடிவில் மாணவர்கள் ஆசிரியருக்கு மதிப்பீடு எழுதுவார்கள். "பாடம் நன்று, பேச்சு புரியவில்லை" என்று யாராவது எழுதிவிடுவார்கள். அந்தத் தாள் கோப்பில் ஏறும். ஆறு வருஷம் கழித்துப் பணி நிரந்தரத்துக்கு அந்தக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு துறையின் மூத்த பேராசிரியர்கள் ஓட்டுப் போடுவார்கள். நிரந்தரம் இல்லையென்றால் வேலையே இல்லை. வேலை இல்லையென்றால் விசா இல்லை. ஒரு கல்லை உருவினால் மொத்தச் சுவரும் சரிகிற மாதிரிக் கட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் அங்கே உள்ள எல்லா இந்தியப் பேராசிரியர்களுக்கும் உள்ளது. எல்லாரும் இதைப் பற்றிச் சேர்ந்து பேசுகிறார்கள், சேர்ந்து கோபப்படுகிறார்கள். அந்த நேரத்தில் அவரும் அவர்களில் ஒருவர். பிறகு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாடு. அங்கேதான் இரண்டாவது வகை ஆரம்பம்.

"சென்னையில எங்க?" "சென்னை இல்ல, திருவண்ணாமலை." "ஓ, கோயில் பக்கத்துலயா?" "இல்ல, கிராமம்." "நீங்க வெஜிடேரியன்தானே?" ஒருவர் வாஞ்சையோடு தோளில் கை போட்டு முதுகைத் தடவிக் கொடுத்தாராம். தோழமை என்று முதலில் நினைத்திருக்கிறார். விரல் சட்டைக்குக் கீழே நூலைத் தேடியது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இந்த முதுகுத் தடவலைப் பற்றி அமெரிக்காவில் வேலை பார்க்கிற தலித்துகள் பலர் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இதை ஒரு தனிமனிதரின் சந்தேக புத்தி என்று ஒதுக்க முடியாது. அப்படித் தடவிக் கொடுத்தவர் அவருடைய துறையிலேயே மூத்த பேராசிரியர். ஓட்டுப் போடுகிறவர்களில் ஒருவர்.

"நீ என்ன சொன்ன?" என்றேன். "அப்பா விவசாயம்னு சொன்னேன் சார். கூலி விவசாயம்னு சொல்லல."

இது பொய்யா?

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார். வாய்மை என்பதை நடந்ததை நடந்தபடி ஒப்பிப்பதாக அவர் பார்க்கவில்லை. யாருக்கும் தீமை இல்லாததைச் சொல்வது என்று வரையறுக்கிறார், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் அங்கே இடம் தருகிறார். நம்மூர் ஒழுக்கவாதிகள் இதை மேடையில் சொல்லிவிட்டு, வீட்டு வாசலில் வாடகைக்கு வந்தவனிடம் மட்டும் அரிச்சந்திரனை எதிர்பார்ப்பார்கள்.

ஐரோப்பாவில் இந்த விவாதம் 1797-ல் காண்ட்டுக்கும் பெஞ்சமின் கான்ஸ்டன்டுக்கும் இடையே நடந்தது. கொலைகாரன் ஒருவன் வந்து, உன் நண்பன் உன் வீட்டில் ஒளிந்திருக்கிறானா என்று கேட்கிறான். உண்மையைச் சொல்ல வேண்டுமா? உண்மை யாருக்கு உரிமையோ அவரிடம்தான் உண்மை சொல்லும் கடமை, பிறரைக் கெடுக்கிற உண்மைக்கு எவனும் உரிமை கொண்டாட முடியாது என்றார் கான்ஸ்டன்ட். காண்ட் மசியவில்லை, கொலைகாரனிடமும் பொய் கூடாது என்றார். தத்துவ வகுப்பில் இரண்டு பக்கமும் வாதாடலாம். ஆனால் இரண்டு பேருமே கேள்வி கேட்கப்படுகிறவரை வீட்டுக்காரராக வைத்துத்தான் யோசித்தார்கள். ஒளிந்திருக்கிறவனே கதவைத் திறந்து, அவனிடமே "நீதானா அவன்?" என்று கேட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. நம் நிலைமை அது. நம்மைக் காட்டிக்கொடுக்க நம் வாயையே கேட்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கர் இந்த இடத்தில் நின்றிருக்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை, பிறகு லண்டன். அந்த வருஷங்களில் தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பே மறந்துபோனதாக எழுதியிருக்கிறார். 1917-ல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குத் திரும்பியபோது தங்க இடமில்லை. இந்து ஓட்டலில் சாதியை மறைத்தால்தான் இடம், கண்டுபிடித்தால் உதை. பார்சி விடுதிக்குப் போனார். பார்சி அல்லாதவருக்கு அங்கே இடமில்லை. காவலாளிக்கோ விருந்தாளி வந்தால்தான் வருமானம். பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்று உடன்பாடு ஆனது. பத்து நாள் அப்படி இருந்தார். பதினோராம் நாள் காலையில் கையில் தடியோடு ஒரு டஜன் பார்சிகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். சாயங்காலத்துக்குள் வெளியே போக வேண்டும் என்றார்கள். இந்து நண்பர் ஒருவரிடமும் கிறிஸ்தவ நண்பர் ஒருவரிடமும் போனார். இரண்டு இடத்திலும் வாசல் திறக்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குப் போனார்.

அவர் இதை மறைக்கவில்லை. 1930-களில் தானே எழுதி வைத்தார். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்று அந்தக் கையெழுத்துப் பிரதிக்குப் பெயர். சொந்த நாட்டில் விசாவுக்குக் காத்திருப்பது! 1990-ல்தான் அது சிறு நூலாக வந்தது. பொய்ப் பெயரில் தங்கியதற்காக அதில் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பொய்யைத் தயாரித்தது அந்தப் பதிவேடு. இந்தக் கலத்தில் இன்ன சாதிக்காரன் பெயர்தான் எழுதலாம் என்று விதி வைத்துவிட்டு, அதில் எழுதப்பட்ட பெயர் பொய் என்று குற்றம் சாட்டுவது என்ன நியாயம்?

அவரே பேராசிரியரானபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர். அங்கே அவர் எதையும் மறைக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று குஜராத்திப் பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். மறைத்தால் தடி, சொன்னால் பானை. நூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டையும் ஒரே மனிதர் பார்த்துவிட்டார்.

ஆகவே என் மாணவருக்கு நான் முதலில் சொன்ன பதில்: முதுகைத் தடவுகிறவருக்கு நீ உண்மையைக் கடன்பட்டிருக்கவில்லை. அவர் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை, உன்னை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கக் கேட்கிறார். அதற்குச் சரக்குச் சப்ளை செய்வது உன் வேலையல்ல.

அவர் விடவில்லை. நல்ல மாணவர் விடமாட்டார். "சார், எங்க அம்மாவால மறைக்க முடியுமா?"

இதுதான் கடினமான கேள்வி. காலனியில் இருக்கிறவருக்கு மறைக்கிற வசதியே கிடையாது. அவர் நடந்து வருகிற திசையே அவரைச் சொல்லிவிடும். 2023 ஜனவரி 30-ல் அதே தண்டராம்பட்டு வட்டத்தில் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைந்தார்கள். எண்பது வருஷத்துக்கு மேல் மறுக்கப்பட்ட கோயில். எதிர்ப்புக்கு நடுவே, அதிகாரிகள் முன்னிலையில், போலீஸ் பாதுகாப்போடு, பொங்கல் பானையும் மாலையுமாக உள்ளே போனார்கள். முகங்கள் டிவியில் வந்தன. போலீஸ் வேன் போன பிறகும் அவர்கள் அதே ஊரில்தான் கடைக்குப் போக வேண்டும், அதே ஆட்களின் நிலத்தில்தான் வேலை கேட்க வேண்டும். அந்த வீடியோவை அவர் அமெரிக்காவில் ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை துறைக்கூட்டத்தில் திருவண்ணாமலை என்றால் தீபம் நடக்கிற ஊர் என்று யாரோ சொன்னபோது தலையாட்டியிருக்கிறார்.

நம் தோழர்களில் சிலர் இந்த இடத்தில் உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். படித்து மேலே போனதும் சேரியை மறந்தவன், அம்பேத்கர் படத்தை வரவேற்பறையில் மாட்டாதவன், துரோகி. எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. வெளியே சொல்லு என்று மேடையில் நின்று சொல்வது சுலபம். அதற்கான விலையைக் கொடுப்பவர் அந்தத் தீர்ப்பை எழுதுகிறவர் அல்ல. அதற்காக, மறைப்பது ஒரு பொருட்டே அல்ல என்றும் சொல்லிவிட முடியாது. மறைக்க முடிவது ஒரு சொத்து. அம்மாவிடம் இல்லாத, மகனிடம் இருக்கிற சொத்து. அது எப்படி வந்தது? அம்மாவின் கூலியில், விடுதிச் சோற்றில், இடஒதுக்கீட்டில், அதற்குப் போராடியவர்களின் ரத்தத்தில் வந்தது. ஒருவர் உயிர் பிழைக்க அதைச் செலவு செய்யலாம், தவறில்லை. முழுவதையும் தனக்கே செலவு செய்யலாமா என்பதுதான் கேள்வி.

யாருக்கு உண்மை கடன் என்று மாற்றிக் கேட்டால் வேறொருவர் தெரிகிறார். முதல் வருஷம் சேர்ந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தன்னைப் போல ஒருவர் இந்தக் கட்டடத்தில் உண்டா என்று தேடுகிற மாணவர். அமெரிக்காவில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம். 2003-ல் அங்கிருந்த இந்தியர்களில் தலித்துகளும் பிற்பட்ட சாதியினரும் சேர்ந்தே ஒன்றரை சதவிகிதம்தான் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகம் சார்ந்த ஓர் ஆய்வு சொன்னது. 1965-ல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறி, படித்தவர்களுக்குக் கதவு திறந்தபோது, இங்கே யார் படித்திருந்தார்களோ அவர்கள் போனார்கள். அதை அங்கே 'தகுதி' என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். சென்னை ஐஐடியை வைத்து இந்தப் பெயர் மாற்றத்தை விரிவாக எழுதியவர் அஜந்தா சுப்பிரமணியன், 2019-ல் வந்த 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூலில். நம் ஐஐடிகளின் கதை தனி. 2018-19 வாக்கில் அரசே தந்த கணக்குப்படி 23 ஐஐடிகளிலும் சேர்த்து 6,043 ஆசிரியர்கள். அதில் தாழ்த்தப்பட்டோர் 149, பழங்குடியினர் 21. இங்கே பேராசிரியராக முடியாதவர் அங்கே போய்ப் பார்த்தால், இங்கே வாசலில் நின்றவரே அங்கேயும் வாசலில் நிற்கிறார்.

வந்த நாட்டில் அந்நியராக இருந்த பேராசிரியர் ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. நம்மவர்கள் அதிகம் அறியாதது. 1930-களில் ஹிட்லரிடமிருந்து தப்பிய யூதப் பேராசிரியர்களில் பெயர் பெற்றவர்களுக்குப் பிரின்ஸ்டன், நியூயார்க் என்று இடம் கிடைத்தது. பெயர் பெறாத பலருக்கு வெள்ளையர் கல்லூரிகள் வேலை தரவில்லை. தென் மாநிலங்களின் கறுப்பர் கல்லூரிகள் கொடுத்தன. சுமார் ஐம்பது பேர் அப்படிப் போனார்கள். ஜெர்மனியில் இனத்தின் பெயரால் துரத்தப்பட்டவர்கள், அமெரிக்கத் தெற்கின் நிறச் சட்டப்படி திடீரென்று 'வெள்ளையர்'! பஸ்ஸில் முன்வரிசை அவர்களுக்கு, அவர்களுடைய மாணவர்களுக்குப் பின்வரிசை. அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்.

எர்ன்ஸ்ட் போரின்ஸ்கி என்பவர் 1947-ல் மிசிசிப்பியில் டூகலூ கல்லூரிக்கு வந்தார், 1983-ல் இறக்கும்வரை அங்கேயே சமூகவியல் கற்பித்தார். ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சமூக அறிவியல் கூடம் ஒன்று வைத்தார். வெளியிலிருந்து வெள்ளையரை அழைத்துக் கூட்டம் போடுவார். கறுப்பு மாணவர்களை முன்கூட்டியே வரச் சொல்லி, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு உட்காரச் சொல்வார். வருகிற வெள்ளையருக்குக் கறுப்பர் பக்கத்தில் உட்காருவதைத் தவிர வேறு நாற்காலி இருக்காது. பிரசங்கம் இல்லை, பிரகடனம் இல்லை, நாற்காலி மட்டும்தான். பிரிவினைச் சட்டம் உயிரோடு இருந்த மிசிசிப்பியில் இது சின்னக் காரியம் அல்ல. அவர் அந்தக் கல்லூரி வளாகத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்.

பட்ட அவமானம் தானாகவே யாரையும் நல்லவராக்கிவிடாது. அகதிப் பேராசிரியர்கள் எல்லாரும் போரின்ஸ்கி ஆகிவிடவும் இல்லை. ஆனால் அவர் தான் பட்டதையும் தன் மாணவர் படுவதையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்.

இதை வைத்துக்கொண்டு கலிபோர்னியாவுக்கு வாருங்கள். அங்கே கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் என்பது 2022-ல் 23 வளாகங்களும் நாலரை லட்சத்துக்கு மேல் மாணவர்களும் கொண்டதாக இருந்தது. 2022 ஜனவரியில் பாகுபாட்டுக்கு எதிரான தன் விதியில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தது. 2019 டிசம்பரில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் முதலில் செய்ததுதான். கலிபோர்னியாவில் இதற்காக முன்னே நின்றவர்களில் ஒருவர் பிரேம் பரியார், நேபாளத்திலிருந்து போன தலித் மாணவர். எதிர்த்தவர்கள் யார்? எண்பதுக்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் கடிதம் எழுதினார்கள். பெரும்பாலும் புலம்பெயர்ந்த குடும்பத்தினர். 2022 அக்டோபரில் இரண்டு பேராசிரியர்கள் வழக்கே போட்டார்கள். 2023-ல் கீழ் நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. அதே 2023-ல் பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம், இருக்கிற சட்டமே போதும் என்று திருப்பி அனுப்பினார்.

கடிதம் எழுதிய பேராசிரியர்கள் சொன்னதை நேர்மையாகவே எடுத்துக்கொள்வோம். நாங்களே இந்த நாட்டில் சிறுபான்மை, எங்கள் நிறத்தையும் உச்சரிப்பையும் வைத்து ஏற்கெனவே எங்களைப் பார்க்கிறார்கள், இனி எங்களில் ஒவ்வொருவரையும் சாதி வெறியனாகப் பார்ப்பார்கள் என்றார்கள். இந்தப் பயம் கற்பனை அல்ல. 2001 செப்டம்பரில் அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியரைத் தலைப்பாகையைப் பார்த்தே சுட்டுக் கொன்றார்கள். வெள்ளைக்காரனின் பார்வை எப்படிப்பட்டது என்பது என் மாணவருக்கும் தெரியும், அவரும் அதே தோலில்தான் இருக்கிறார். ஆனால் பாலியல் தொல்லைக்கு எதிராக விதி வந்தபோது, ஆண்கள் எல்லாரையும் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள் என்று சொல்லி இந்தப் பேராசிரியர்கள் யாரும் வழக்குப் போட்டதாகத் தெரியவில்லை. தொல்லை கொடுக்காதவருக்கு அந்த விதியால் என்ன நஷ்டம்? நாங்கள் சிறுபான்மை என்று சொல்லி நியாயம் கேட்கிறவர், தன் பக்கத்தில் நிற்கிற இன்னும் சின்னச் சிறுபான்மை அதே வாக்கியத்தைச் சொன்னால் அது சதி என்கிறார். ஒரே விசாவில் வந்தவர்கள், ஒரே வரிசையில் நின்றவர்கள்!

அந்த விதியால் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்று சிலர் கணக்குக் கேட்கிறார்கள். நான் அதை அப்படி அளக்க மாட்டேன். அந்தச் சொல் புத்தகத்தில் ஏறியதால், என் சாதி இது, இதனால் எனக்கு இது நடந்தது என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்க ஓர் அதிகாரி இருக்கிறார், ஒரு படிவம் இருக்கிறது. அதுவரை உண்மை சொல்வதன் முழு விலையையும் சொல்கிறவர் ஒருவரே கட்டினார். இனி நிறுவனமும் கொஞ்சம் கட்டும். உண்மை பேசு என்று தனிமனிதரைப் பார்த்து உபதேசிக்கிற எல்லா அறநூல்களும் இதை விட்டுவிட்டன. பேசினால் வீடு போகும், வேலை போகும் என்று வைத்துவிட்டு, பேசாதவனைப் பொய்யன் என்பது அறமாகாது.

என் மாணவர் இருப்பது கலிபோர்னியா அல்ல. அவர் பல்கலைக்கழகத்து விதியில் அந்தச் சொல் இல்லை. ஆகவே கான்ஸ்டன்ட், காண்ட் எல்லாம் பேசி முடித்த பிறகு, அவர் தானாகவே ஒன்று செய்தார். வளர்ச்சிப் பொருளாதாரம் பற்றி இளங்கலை மாணவர்களுக்கு நடத்துகிற பாடத்தில் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வை ஒரு வாரத்துக்கு வைத்தார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரோடா, பதிவேடு, தடி, பூங்கா, அவ்வளவுதான். முதல் வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேர் நல்ல கட்டுரை எழுதினார்கள், ஒருவர் இது பொருளாதாரமா என்று மதிப்பீட்டில் எழுதிவிட்டுப் போனார்.

இரண்டாம் வருஷம் அந்த வாரம் முடிந்து ஒரு பையன் அவர் அறைக்கு வந்தான். தெலுங்குப் பையன், அங்கேயே வளர்ந்தவன். பாடத்தில் சந்தேகம் என்றுதான் வந்தான். கொஞ்ச நேரம் சந்தேகம் கேட்டான். பிறகு, எந்தப் பக்கம் என்று அவன் கேட்கவில்லை. தன் பாட்டி குண்டூர் பக்கம் எந்த வாடையில் இருந்தாள், அவள் பேரை வீட்டில் விருந்தாளிகள் வந்தால் ஏன் சொல்லக்கூடாது என்று அவனாகவே சொன்னான்.

"நீ என்னப்பா சொன்ன?"

"எழுந்து கதவச் சாத்தினேன் சார். அப்பறம் சொன்னேன்."

அவருடைய கோப்பு அடுத்த ஆண்டு ஓட்டுக்கு வருகிறது. முதுகைத் தடவியவர் குழுவில் இருக்கிறார். பாடத்திட்டத்தில் அந்த வாரம் இந்த வருஷமும் இருக்கிறது.